ஏரியில் தேட வேண்டாம்

அந்த வீடு குலுக்கலில் விழுந்த வீடு. சீட்டு எழுதிப் போட்டு எடுத்த குலுக்கல் இல்லை. ஊரில் இருக்கும் வீடுகளையெல்லாம் தெருத்தெருவாக நடந்து எண்ணி, படம் வரைந்து நாங்கள் அனுப்பிவிடுவோம். எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எங்கள் சர்வே அலுவலகத்துக் கணினி பொறுக்கிச் சொல்லும். அதற்கு யாரையும் தெரியாது. மாடி வீடு, ஓட்டு வீடு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிற வீடு, நாயை அவிழ்த்துவிடுகிற வீடு எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் இது நியாயமான முறை என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்குப் பிடித்த வீடாகப் பார்த்துப் போனால் நமக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும் என்றார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

ராஜகுளத்திலிருந்து காஞ்சிபுரம் போய், அங்கே பஸ் மாறி, காலையில் உத்திரமேரூரில் இறங்குவேன். சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்த எனக்கு அந்தச் சர்வே வேலை கிடைத்தது பெரிய விஷயம். கிராமத்து இளம்பெண்களின் படிப்பு, வேலை, கல்யாணம் பற்றிய ஆய்வு. தோளில் ஒரு பை, பையில் ஒரு டேப்லெட், குடை, சோற்று டப்பா. உத்திரமேரூரைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கு ஷேர் ஆட்டோவிலோ, கிடைக்கிற டவுன் பஸ்ஸிலோ போய் இறங்கினால், முதல் அரைமணி நேரம் நான் யார் என்று சொல்வதிலேயே போய்விடும். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்க வந்திருக்கிறேனா என்று சிலர் கேட்பார்கள். உரிமைத்தொகை வராதவர்களுக்கு எழுதிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, குலுக்கலில் விழாத வீட்டுப் பெண்கள் ஆதார் அட்டையோடு வந்து சுற்றி நிற்பார்கள். உங்கள் வீடு இதில் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

நான் சொல்லப்போகிற வீட்டில் ஆள் வந்ததே பிடிக்கவில்லை. அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள். ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுகிற குடும்பம். பின்கட்டில் இரண்டு கறவை மாடுகள். மகளும் மருமகளும் எங்கள் ஆய்வுக்குரிய வயதில் இருந்தார்கள். ஒரு வீட்டில் அப்படி இரண்டு பேர் இருந்தால் யாரைக் கேட்பது என்பதையும் டேப்லெட்தான் தீர்மானிக்கும். மகளின் பெயரைக் காட்டியது.

அந்த அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. "எங்க மருமவள கேளும்மா. அது நல்லா பேசும். இது வாயே தொறக்காது, உனுக்குத்தான் பேஜாரு" என்றார். மருமகளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தயாராக வந்து நின்றாள். சிரித்த முகம். நானும் அவளைத்தான் கேட்டிருப்பேன், என் கையில் இருந்திருந்தால். யாரைக் கேட்பது என்று முடிவு செய்வது நானில்லை, மெஷின் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த வில்லங்கம், பேட்டியின்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பது. தனியாகப் பேச அப்படி என்ன இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான். எல்லா ஊரிலும் சொல்கிற பதிலைச் சொன்னேன். அவர் கடைசிவரை சம்மதம் என்று சொல்லவில்லை. மாடு கத்தியதும் எழுந்து பின்கட்டுக்குப் போனார். அந்த இடைவெளியில் அந்தப் பெண் என்னை மொட்டைமாடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். புரட்டாசி வெயில். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கால்களை மடக்கிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள் என்பது முதல் சில பதில்களில் தெரிந்தது. கேள்விகளைத் தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் வாசித்தாக வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டோம், உங்கள் வீட்டாரிடமும் சொல்லமாட்டோம், விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். சொல்லிச் சொல்லி எனக்கு அது வாயில் தானாக ஓடும். மற்றவர்கள் அதைக் கேட்பதுகூட இல்லை, எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாதிவரை ஒற்றை வார்த்தைப் பதில்கள்தான். அடுத்த ஒரு வருஷத்துக்குள் வேலைக்குப் போக விருப்பம் உண்டா என்ற கேள்வி வந்தது. உண்டு, இல்லை, தெரியாது. இந்த மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும். அவள் மாடிப்படிப் பக்கம் பார்த்தாள்.

"யாராண்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னீங்களே அக்கா, அது நெஜமா?"

"நெஜம்தான்."

"எங்க அம்மாவாண்ட கூட?"

"யாராண்டயும் சொல்லமாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் பேசினாள். கல்லூரியில் கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். செல்போனுக்கு உள்ளே போகிற சின்னச் சின்னப் பாகங்களைச் செய்கிற கம்பெனி. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பச்சை கேட் போட்ட ஹாஸ்டல். கம்பெனி வேன் வந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும். ஆள் எடுக்கிறார்கள், நீயும் வா என்று அவள் சொல்லியிருக்கிறாள். இவள் வீட்டிலும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, அம்மாவைக் கேள் என்றாராம். அம்மாவோ, உன் அண்ணனைக் கேள் என்றாராம். அண்ணன் சிரித்துக்கொண்டே, இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தீபாவளி கழிந்ததும் நிச்சயம். அதற்குள் போய்விடப் போகிறேன் என்றாள். சொல்லிக்கொள்ளாமல்.

அந்தக் கேள்விக்கு அவ்வளவு பதில் தேவையில்லை. 'உண்டு' என்பதைத் தொட்டேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"போறது தப்பாக்கா?"

நாங்கள் யோசனை சொல்லக் கூடாது. சரி என்றோ தப்பு என்றோ முகத்தில்கூடக் காட்டக் கூடாது. காட்டினால், அடுத்த கேள்விகளுக்கெல்லாம் நமக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பயிற்சியில் இதற்கென்றே ஒரு முழுநாள் ஒதுக்கியிருந்தார்கள். அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, கேட்க மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் லேசாகச் சிரித்தாள். நீங்களும் அப்படித்தானா என்று கேட்டதுபோல் இருந்தது. அடுத்த கேள்வி, வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

கீழே இறங்கியபோது அந்த அம்மா மோர் கொடுத்தார். இவ்வளவு நேரம் என்ன கேட்டேன் என்று விசாரித்தார். படிப்பு, வேலை பற்றித்தான் என்றேன். கழனியிலிருந்து வந்த அப்பா குழாயில் கால் கழுவிக்கொண்டே, வெயிலில் வந்திருக்கிறாய், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். டப்பா இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் மாடியிலிருந்து கீழே வரவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகள் எல்லாமே நிறைந்து கலங்கல் வழியாக வழிந்தோடின. சில ஊர்களுக்குப் போக முடியாமல் வேலை தள்ளிப்போனது. தீபாவளி கழிந்து மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள் மதியம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். ஒருவர் எதிரில் வந்து நின்றார். முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி முளைத்திருந்தது. சட்டை நெஞ்சுவரை ஈரம். அந்தப் பெண்ணின் அப்பா. கொஞ்சம் தள்ளி, மோட்டார் சைக்கிள் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார்.

என்ன ஆயிற்று என்று அவரே சொன்னார். முந்தின நாள் காலையில் கழனிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மதகுக்குப் பக்கத்தில் சோற்றுத் தூக்குவாளி இருந்தது. அவள் இல்லை. மதகுப் படியில் பாசி. ஏரி கரை முட்ட நிற்கிறது. ஊர்ப் பையன்கள் இருட்டும்வரை இறங்கித் தேடியிருக்கிறார்கள். இன்று காலையிலிருந்து மறுபடியும் தேடுகிறார்கள். தீயணைப்பு நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகத்தான் இவர்கள் இரண்டு பேரும் உத்திரமேரூருக்கு வந்திருந்தார்கள். சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. மழை எவ்வளவு பெய்தது என்று சொல்கிறவர்போல் சொன்னார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீ அவளாண்ட தனியா அம்மாம் நேரம் பேசினியே மேடம். எதனா சொன்னாளா? மனசுல எதனா வெச்சிக்கினு இருந்தாளா?"

ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் எங்கள் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே சொல்லலாம் என்பது விதி என்றார். ஆபத்து இருப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, எனக்குத் தெரிந்து அவள் ஒரகடத்தில் இருப்பாள் என்றேன். அப்படியானால் சொல்லாதீர்கள், வயதுவந்த பெண், அவளே சொல்லட்டும், நான் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. ஆனால் அவர் பேசியது அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு எதிரில் அந்த மனிதர் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏரியில தேட வேணாங்கய்யா" என்றேன். "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அவர் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"உசுரோட கீறாளா? அத்த மட்டும் சொல்லு."

நான் தலையசைத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அசைத்திருப்பேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை, அதுதான் விஷயம். நான் கேட்டுக்கொண்டபடியே நடந்துகொண்டார்.

அவளைப் பார்த்து, வீட்டுக்கு ஒரு போன் செய் என்று சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் அப்போது மனதில் ஓடியது. வாலாஜாபாத் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். வாலாஜாபாத்தில் இறங்கி ஒரகடம் பஸ். வழியெல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. கம்பெனி மதில்களுக்கு வெளியே கொக்குகள் மேய்ந்தன. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். பின்னால் வருகிற வண்டிகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கல்யாண மண்டபத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பின்னால் பச்சை கேட். கேட்டில் இருந்த வார்டன் அம்மாவிடம், ஊரிலிருந்து அக்கா வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் இறங்கி வந்தாள். சுடிதார், எண்ணெய் வைத்து வாரிய தலை, கழுத்தில் பயிற்சிக்கான அட்டை. ஒரு நாளில் ஆள் மாறிவிடுவார்களா என்ன. ஆனால் மாடியில் பார்த்தவள் இல்லை அவள். படியில் இறங்குவதே வேறு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அப்பா அனுப்பினாரா என்று கேட்டாள். இல்லை, நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். ஏரியில் உன்னைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னேன்.

அவளுக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஏரிலயா? எதுக்கு ஏரில?" என்றாள். "பீரோலேர்ந்து என் சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கினு வந்துட்டேனேக்கா. அத்த பாத்தா தெரியாதா, வேலைக்குத்தான் போயிருக்கான்னு?"

பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரண்டு மூன்று உடுப்போடு கூடையில் சோற்றுத் தூக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். தூக்கை அப்பா கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து மதகோரம் வைத்துவிட்டு, கூடையோடு கரையில் இறங்கிப் போய் பஸ் பிடித்திருக்கிறாள். வீட்டில் யாராவது பீரோவைத் திறந்து பார்ப்பார்கள், சர்ட்டிபிகேட் இல்லை என்றதும் புரிந்துகொள்வார்கள், ஒரு நாள் கோபப்படுவார்கள், அப்புறம் போன் செய்யலாம். இதுதான் அவள் கணக்கு. அவளைக் காணவில்லை என்றதும் நகை இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். நகை இருந்தது. சர்ட்டிபிகேட் என்ற ஒன்றைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

என் போனை அவளிடம் கொடுத்தேன். அம்மா நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார் அண்ணன். வாலாஜாபாத்தில் நான் பஸ் மாறியபோதும் நின்று, மறுபடியும் பின்தொடர்ந்திருக்கிறார்.

அவர் கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்கால்வரை ஏரிச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. தங்கையைப் பார்த்தார், கேட் ஓரமாகக் கிடந்த கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின.

"அப்பா நேத்துலேர்ந்து தண்ணிலயே கெடந்தாரு பாப்பா" என்றார். "அவருக்கு நீச்ச தெரியாதுல்ல. கரையோரமா கையால தொயாவிக்கினு கெடந்தாரு. வான்னா வரல."

அவள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. நான்தான் வாங்கி, உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். பிறகு நடந்த பேச்சு எனக்கு முழுதாக ஞாபகமில்லை. இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை, அப்பா இங்கே வந்து பார்க்கட்டும் என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. போனில் சொன்னால் அம்மா நம்பாது, ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடட்டும் என்று அண்ணன் சொன்னார். அவர் மனதார அப்படித்தான் நினைத்தார் என்று நம்புகிறேன். இரண்டு நாள் லீவு சொல்லிக்கொள்ளலாம் என்று வார்டன் அம்மாவும் சொன்னார். யாரும் அவளை இழுக்கவில்லை. சேறு காய்ந்த அந்தக் கால்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போய், ஒரு மாற்று உடுப்பை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். கூடையையும் சர்ட்டிபிகேட்டையும் அறையிலேயே விட்டுவிட்டாள், திரும்பி வரத்தானே போகிறாள்.

வண்டியில் ஏறும் முன் என்னிடம் வந்தாள்.

"நீங்க சொல்லலன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "ஆனா சொல்லாமயே ஆயிடுச்சு."

அவள் திரும்பிப் போகவில்லை. அந்த மாதமே நிச்சயம், தையில் கல்யாணம். ஹாஸ்டலில் என் நம்பரை வாங்கி வைத்திருந்த அவள் சிநேகிதி, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். அவள் கூடையும் சர்ட்டிபிகேட்டும் அங்கேயே இருக்கின்றன, அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள், யாராவது வந்து எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அவள் வீட்டுக்குச் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். யார் போய் எடுத்தார்கள், எடுத்தார்களா என்பது தெரியாது.

நடந்ததையெல்லாம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தேன். சில வாரங்களுக்குப் பிறகு பதில் வந்தது. பேட்டியில் கூறப்பட்ட விவரம் எதையும் நீங்கள் வெளியிடவில்லை, விதிமீறல் எதுவும் நடக்கவில்லை என்று இருந்தது. கண்டித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரே ஆட்களைச் சில வருஷம் விட்டு மறுபடியும் போய்க் கேட்பார்கள். அப்போதுதான் வாழ்க்கை எப்படி மாறியது என்று தெரியும். இரண்டாவது சுற்று வந்தபோது அந்த ஊருக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, நானே போனேன். கல்யாணமாகிப் போன பெண்ணின் முகவரியை முதலில் தாய்வீட்டில் வாங்க வேண்டும். அந்த அம்மா வாசலிலேயே நிறுத்திப் பேசினார். மோரில்லை, கோபமும் இல்லை. மருமகள் கதவோரம் நின்றிருந்தாள், முன்பு என்னிடம் பேசுவதற்கு அவ்வளவு ஆசையாக வந்து நின்றவள். இந்தத் தடவை கண்ணை நிமிர்த்தவில்லை.

"இந்த வூட்ல இனிமே யாரும் யாராண்டயும் எதுவும் சொல்லமாட்டாங்கம்மா" என்றார் அந்த அம்மா. ஊர் பெயரை மட்டும் சொன்னார். தென்னேரி.

அப்பா வீட்டில் இல்லை. ஏரிக்கரை வழியாகத் திரும்பி நடந்தபோது தூரத்தில் கழனியில் ஒருவர் குனிந்திருந்தார். அவராக இருக்கலாம். கிட்டப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தென்னேரியில் அவள் வீடு ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது. புருஷன் வேலைக்குப் போயிருந்தார். மாமியார் நடவுக்குப் போயிருந்தார். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுளிக்கவில்லை. வாங்க அக்கா என்று சொல்லி, நாற்காலி போட்டு, காபியும் கொடுத்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், பார்க்க நன்றாக இருந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான். எந்தப் பேட்டியிலும் எனக்கு அவ்வளவு தனிமை கிடைத்ததில்லை.

வாசித்தாக வேண்டியதை வாசித்தேன். அவள் குழந்தையின் காது ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், கேளுங்க என்றாள்.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தயங்கவில்லை, ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. வேலைக்குப் போக விருப்பம் உண்டா? இல்லை. வீட்டு முடிவுகளில் உங்களைக் கேட்கிறார்களா? கேட்கிறார்கள். உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா? இருக்கிறது. ரொம்பவா, ஓரளவா? ரொம்ப. கடைசிப் பகுதிக்கு வந்தபோது அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. குழந்தை தூங்கியிருந்தது.

அது உண்மையாகவே இருக்கலாம். நல்ல புருஷனாக இருக்கலாம். அவள் பிள்ளையோடு சந்தோஷமாக இருந்தால், இல்லை என்று சொல்ல நான் யார்? இல்லையென்றால், என்னிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று அவள் முன்பே முடிவு செய்திருக்கலாம். அன்று அந்த வீட்டில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, இரண்டில் எது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, சர்வேக்காக இல்லாமல் நானாகக் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நல்லா கீறேன்க்கா" என்றாள். "நீங்க இன்னும் இந்த வேலைதான் செஞ்சிக்கினு கீறீங்களா?"

ஆமாம் என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். சொல்கிறார்கள், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றேன். இன்னும் ஏதோ கேட்க வந்தவள்போல் வாயெடுத்தாள். குழந்தை சிணுங்கியது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பேட்டி முழுமையானது என்று அலுவலகத்தில் பதிவானது. இரண்டு சுற்றிலும் விடுபடாமல் கிடைத்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆய்வறிக்கை வந்தபோது வாங்கிப் படித்தேன். முதல் சுற்றில் வேலைக்குப் போக விரும்பி, கல்யாணத்துக்குப் பிறகு அந்த விருப்பம் மாறிவிட்ட பெண்கள் என்று ஒரு பத்தி இருந்தது. நன்றாக எழுதியிருந்தார்கள். அதில் தப்பு என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நான் அந்தச் சுற்றோடு களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இப்போது காஞ்சிபுரத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வாசகத்தை எப்படி நிதானமாக வாசிப்பது, வீட்டாரை எப்படித் தள்ளி உட்காரவைப்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் சொல்லித்தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் அவள் வயதுப் பெண்கள். அவர்களிடம் இந்தக் கதையை ஒரு தடவை சொன்னேன். அதில் ஒருத்தி, அப்படியென்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் மேடம் என்று கேட்டாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதிக்கொள்ளக் காத்திருந்தாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை.